யாருடைய தோலில் சோதிப்பது? ஈரம் அளந்த வரலாறு



எங்கள் பள்ளி அறிவியல் விழாவுக்காக ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் நால்வர் ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்தனர். "எந்த லோஷன் தோலின் ஈரத்தை நீண்ட நேரம் காக்கிறது?" என்பதே அத்தலைப்பு. திட்டத்தாளை ஒழுங்காக நிரப்பியிருந்தார்கள். தற்சார்பு மாறி லோஷனின் வகை. சார்பு மாறி ஈரம் நிலைக்கும் நேரம். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் லோஷனின் அளவு, தடவும் இடம், அறையின் வெப்பம். இவ்வளவு தெளிவாக எழுதிய பிள்ளைகளைப் பாராட்டிவிட்டுக் கையொப்பமும் இட்டேன்.

"யார் கையில் தடவப் போகிறீர்கள்?" என்று பிறகுதான் கேட்டேன்.

"முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கையில், டீச்சர். சின்னப் பிள்ளைகள்தானே, நாங்கள் சொன்னால் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்."

சிரித்துக்கொண்டே தலையசைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிரவு அந்த விடை என்னை உறங்கவிடவில்லை. பிள்ளைகள் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆயினும், 'வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்' என்பதற்காகவே ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, தோல் ஆராய்ச்சியின் வரலாற்றில் மிகப் பெரிய தவறாக முன்னரே நிகழ்ந்த ஒன்று. மறுநாள் திட்டத்தாளைத் திரும்பப் பெற்று, அந்த வரலாற்றை அவர்களுக்குச் சொன்னேன். அதையே சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

எண்ணெய் தந்த நம்பிக்கை

தோல் வறண்டால் எண்ணெய் பூசுவது உலகெங்கும் உள்ள பழக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் ஆகியவற்றைக் கலந்து ஒரு களிம்பு செய்தார் என்பர். அதில் அடங்கிய நீர் ஆவியாகும்போது தோல் குளிர்ந்தது. 'கோல்டு கிரீம்' என்ற பெயர் இதனால்தான் வந்தது.

19ஆம் நூற்றாண்டில் வேதியியல் வளர்ந்தபோது பூச்சுகளும் பெருகின. அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில், குழாய்க் கம்பிகளில் படிந்த மெழுகுபோன்ற கசடைத் தொழிலாளர்கள் தங்கள் காயங்களுக்குப் பூசுவதை ராபர்ட் செஸ்பிரோ என்ற இளம் வேதியியலர் கவனித்தார். அதனைத் தூய்மைப்படுத்தி, 1872இல் 'வாசலின்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். 1880களில் ஜெர்மனியில் ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து 'லனோலின்' எடுக்கப்பட்டது. 1911இல் ஹாம்பர்க் நகரில் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் ஒரு பொருளைக் கொண்டு 'நிவியா' களிம்பு உருவானது. 'பனிபோல் வெண்மையான' என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லே அதன் பெயருக்கு மூலம்.

இவை அனைத்துக்கும் அடிப்படையாக ஒரு நம்பிக்கை இருந்தது. தோல் வறள்வது எண்ணெய்ப் பசை குறைவதால் என்பதே அது. பூசினால் மென்மையாகிறது, ஆகவே எண்ணெய்தான் மென்மை தருகிறது என்று எண்ணினர். ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் எவரும் இதனை முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

தராசில் வாழ்ந்த மருத்துவர்

தோல் வழியே நீர் வெளியேறுகிறது என்பதை எடைபோட்டுக் காட்டியவர் இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்தோரியோ. பெரிய தராசு ஒன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு, பல்லாண்டுகள் அதில் அமர்ந்து தம்மையே எடைபோட்டார். உண்டதையும் பருகியதையும் எடைபோட்டார். உடலிலிருந்து கழிந்ததையும் எடைபோட்டார். இரண்டுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு நாளில் எட்டு இராத்தல் உணவும் பானமும் உட்கொண்டால், அதில் ஐந்து இராத்தல் கண்ணுக்குத் தெரியாமலே உடலைவிட்டு நீங்கிவிடுகிறது என்று 1614இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார்.

அந்த இழப்பில் மூச்சு வழியே செல்லும் நீரும் சேர்ந்திருந்தது. இன்றைய கணக்குப்படி, வியர்க்காத நிலையிலும் தோல் வழியே மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிலிட்டர் நீர் ஆவியாகிறது. நம் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவரும் சிறிய நீர்ப்புட்டியின் அளவு அது.

சாந்தோரியோவிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உணர்வை நம்பாமல் தராசை நம்பியது. மற்றொன்று, சோதனைக்குத் தம் உடலையே தந்தது.

காய்ப்புத் தோல் சொன்ன விடை

அந்த நீரைத் தடுத்து நிறுத்தும் அரண் எது? 1944இல் வின்சர், பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், தோலின் மேற்பரப்பை மணல்தாளால் தேய்த்து நீக்கிப் பார்த்தனர். நீர் வெளியேறும் வேகம் பன்மடங்கு உயர்ந்தது. ஆக, அரண் தோலின் உச்சியில் உள்ள கொம்புப் படலமே. இறந்த உயிரணுக்களால் ஆன அந்தப் படலம் உடலின் பெரும்பாலான இடங்களில் நாம் எழுதும் தாளைவிடப் பன்மடங்கு மெல்லியது.

அடுத்து 1952இல் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர் இர்வின் பிளாங்க், பழைய நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தார். காய்த்துத் தடித்த தோலின் துண்டுகளை எடுத்தார். உலர்ந்த துண்டுகள் அப்பளம்போல் நொறுங்கும் தன்மை உடையவை. அவற்றை எண்ணெயிலும் கொழுப்பிலும் ஊறவைத்தார். நெடுநேரம் ஊறியும் அவை விறைப்பாகவே இருந்தன. நீர் ஏறிய துண்டுகளோ வளைந்து கொடுத்தன. தோலுக்கு மென்மை தருவது எண்ணெயன்று, நீரே என்பது இதனால் விளங்கியது. அந்தப் படலத்தில் நீரின் அளவு 10 விழுக்காட்டுக்குக் கீழே குறைந்தால் தோல் விறைத்து வெடிக்கத் தொடங்குகிறது.

பிளாங்க் மாற்றியது ஒன்றே ஒன்றை மட்டும்தான். அதே தோல், அதே வறட்சி; ஊறவைத்த பொருள் மட்டும் வேறு. நாம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கும் மாறிகளின் பாடம் இதுவேயன்றோ!

அப்படியானால் எண்ணெய் பயனற்றதா? இல்லை. எண்ணெயும் வாசலினும் நீரைத் தருவதில்லை. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் மூடி காக்கின்றன. கிளிசரின் போன்றவை நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கின்றன. நல்ல லோஷன் இவ்விரு வேலைகளையும் சேர்த்துச் செய்கிறது. குளித்து முடித்துத் துவட்டிய உடனே, தோலில் ஈரம் இருக்கும்போதே தடவுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வறண்ட பின் மூடி போட்டு என்ன பயன்? குளிரூட்டிய அறையில் பிள்ளைகளை உறங்க வைக்கும் பெற்றோர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

1970களில் அளவைகள் மேலும் நுட்பமாயின. 1977இல் சுவீடனைச் சேர்ந்த கெர்ட் நில்சன், தோலின்மீது வைக்கும் சிறு திறந்த உருளை ஒன்றை விளக்கி எழுதினார். தோலுக்கு மேலே இரு வேறு உயரங்களில் நீராவியை அளந்து, ஒரு சதுர மீட்டர் தோலிலிருந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் நீர் நீங்குகிறது என்று அக்கருவி காட்டியது. 1978இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் எளிய முறை ஒன்றை முன்வைத்தார். வறண்ட தோலில் சில வாரங்கள் லோஷனைத் தடவி, பின் நிறுத்திவிட்டு, வறட்சி திரும்ப எத்தனை நாள் ஆகிறது என்று கவனிப்பதே அம்முறை. தடவியவுடன் தோன்றும் பளபளப்பைக் கண்டு ஏமாறாமல் இருக்க இது நல்ல வழி.

மறுக்க இயலாதவர்கள்

இந்தக் கிளிக்மனின் பெயரைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். பருக்களுக்கான 'ரெட்டின்-ஏ' மருந்தால் உலகப் புகழ் பெற்றவர் அவர். ஆனால் 1951 முதல் 1974 வரை, பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் உடல்களில் சோதனைகள் நடத்தியவரும் அவரே. களிம்புகளும் வாசனைப் பொருள்களும் மட்டுமல்ல, டையாக்சின் என்னும் கொடிய நச்சும் அங்கே மனிதத் தோலில் தடவப்பட்டது.

கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பலர் தண்டனை பெற்றவர்கள்கூட அல்லர். பிணைத்தொகை கட்டப் பணமின்றி வழக்குக்காகக் காத்திருந்தவர்கள். சிறையின் மற்ற வேலைகளைவிடச் சோதனைக்குக் கூடுதல் பணம் கிடைத்தது. தாளில் கையொப்பமும் வாங்கினார்கள். ஆனால் தங்கள் தோலில் என்ன தடவப்படுகிறது என்பது அவர்களுக்கு விளக்கப்படவில்லை. முதுகிலும் கையிலும் தழும்புகளோடு பலர் வெளியே வந்தனர்.

மனிதர்மீது சோதனை நடத்த அவரவரின் விருப்பார்ந்த ஒப்புதல் இன்றியமையாதது என்று 1947இலேயே நூரம்பர்க் நெறிமுறை கூறியிருந்தது. நெறி ஏட்டில் இருந்தது; சோதனை சிறையில் தொடர்ந்தது. 1998இல் ஆலன் ஹார்ன்பிளம் எழுதிய நூல் இக்கதையை உலகறியச் செய்தது. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 300 முன்னாள் கைதிகள் தொடுத்த வழக்கு, காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021இலும் பிலடெல்பியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. அதற்குள் கிளிக்மன் இறந்து பதினோர் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. பாதிக்கப்பட்டோரிலும் பலர் உயிரோடு இல்லை.

அந்தச் சோதனைகளிலும் அளவு சரியாக இருந்திருக்கலாம், மாறிகள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கலாம். தேர்ந்தெடுத்த முறையில்தான் தவறு. 'இவர்கள் மறுக்க மாட்டார்கள்' என்பதே அங்கும் காரணம்.

அகார்-அகார் வட்டங்கள்

இதைக் கேட்டு முடித்த என் மாணவர்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அக்குழுவின் தலைவி, "அப்படியென்றால் எங்கள் கையிலேயே தடவிக்கொள்கிறோம் டீச்சர்" என்றாள். சாந்தோரியோவின் வழி! அதற்கும் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், ஒவ்வாமை இருக்கலாம் என்று விளக்கினேன். முடிவில், யார் தோலும் வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

ஒரே அளவான தட்டுகளில் அகார்-அகார் காய்ச்சி ஊற்றினோம். ஒன்றில் எதுவும் தடவவில்லை. மற்றவற்றில் இருவகை லோஷன், தேங்காய் எண்ணெய், பெட்ரோலியக் களிம்பு ஆகியவற்றைச் சம எடையில் தடவினோம். நாள்தோறும் ஒரே நேரத்தில் மின்னியல் தராசில் எடை பார்த்தோம்.

முதல் நாளே ஒரு குழப்பம். லோஷன் தடவிய தட்டுகளும் வெறுந்தட்டைப் போலவே எடை குறைந்திருந்தன. "லோஷன் வேலை செய்யவில்லை" என்று எழுதப் போனவர்களைத் தடுத்து, புட்டியின் பின்புறத்தைப் படிக்கச் சொன்னேன். பட்டியலில் முதலில் இருந்தது நீர்! லோஷனில் பெரும்பகுதி நீரே. முதலில் ஆவியானதில் அந்த நீரும் அடங்கும். கேலனின் களிம்பு குளிர்ந்த காரணத்தையும் அவர்களே அப்போது கண்டுகொண்டார்கள். வார இறுதியில் பெட்ரோலியக் களிம்பு பூசிய தட்டே மிகக் குறைவாக எடை இழந்திருந்தது.

அகார்-அகார் தோலாகாது என்பதையும், நீரை மூடிக் காக்கும் திறனையே இச்சோதனை காட்டுகிறது, நீரை ஈர்க்கும் திறனை அன்று என்பதையும் அறிக்கையில் எழுதச் செய்தேன். தம் சோதனையின் எல்லையைத் தாமே சொல்வதும் நேர்மைதானே.

விழாவில் எங்கள் குழுவுக்குப் பரிசு கிட்டவில்லை. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் தாமாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "முதலாம் ஆண்டு மாணவர்களின் கைகளை நாங்கள் பயன்படுத்தவில்லை. ஏனெனில் அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது."

நேர்மையான சோதனை என்றால் எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே நிலை என்று இத்தனை ஆண்டுகள் கற்பித்து வந்தேன். சோதிக்கப்படும் மனிதருக்கும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதை இனித் திட்டத்தாளிலேயே ஒரு கேள்வியாகச் சேர்த்துவிட்டேன். 'எதைக் கொண்டு சோதிக்கிறாய்?' என்ற கேள்விக்குக் கீழே, 'யாரிடம் ஒப்புதல் பெற்றாய்?' என்பது இப்போது இருக்கிறது. உங்கள் வகுப்பிலும் அதைச் சேர்த்துப் பாருங்களேன். கையொப்பமிடுவதற்கு முன்னரே அந்த விடையைப் படித்துவிடுங்கள். நான் செய்த தவற்றை நீங்களும் செய்ய வேண்டாம்.