முட்டை உடையாத மனையியற் கூடம்

பாடசாலை வரலாறு எழுதுவோர் அதிபர்களின் பெயர்களையும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளையும் தவறாமற் குறிப்பிடுவர். மனையியற் கூடத்துக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. ஆயினும் எங்கள் வீட்டு அடுப்படிகளை மாற்றிய வேலை ஒன்று அங்கேதான் நடந்தது. முட்டையும் மச்சமும் கேட்ட சமையற் குறிப்புகளைச் சைவமாக்கிய வேலை அது.

யாழ்ப்பாணத்தில் எல்லோரும் எந்நாளும் சைவம் உண்டவர்கள் அல்லர். கடல் சூழ்ந்த குடாநாட்டில் மீன் இல்லாத கிழமை அரிது. ஆனால் வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, புரட்டாதிச் சனி, நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள் என்று கூட்டிப் பார்த்தால், வருடத்தின் கணிசமான பகுதி மச்சம் விலக்கிய நாட்களே. மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் புலால் மறுத்தலைச் சைவ ஒழுக்கமாக வற்புறுத்தினார். பின்வந்த சைவப் பாடசாலைகளும் அதைக் கைவிடவில்லை. எமது வளவுக்குள் முட்டை வராமைக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

சிக்கல் பாடத்திட்டத்தில் இருந்தது. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பாணும் போறணையும் எங்கள் சொற்களாகவே ஆகிவிட்டன. அவற்றில் எவருக்கும் மனக்குறை இல்லை. ஆங்கிலேயர் காலத்து மனையியலோ கஸ்ரட், புடிங், ஸ்பொஞ்ச் கேக் என்று முட்டையைச் சுற்றியே நின்றது. 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்து வெளிவந்த டெய்லி நியூஸ் சமையற் புத்தகம் இலங்கையின் ஆங்கிலம் படித்த வீடுகளில் வேதம்போல் இருந்தது. பத்துப் பன்னிரண்டு மஞ்சட்கரு கேட்கும் லவ் கேக்கைச் சைவப் பிள்ளைக்கு எப்படிப் படிப்பிப்பது? மிஷன் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்க எங்கள் மூத்த அக்காமாருக்கு மனமில்லை. ஆகவே குறிப்பைக் கைவிடாமல் மாற்றினார்கள்.

அந்த மாற்றத்தில் இருந்த அறிவை நாங்கள் பின்னாளில் இரசாயனம் படித்தபோதே விளங்கிக்கொண்டோம். கேக்கில் முட்டை செய்வது ஒரு வேலையல்ல. அடித்த முட்டை காற்றைப் பிடித்து வைத்து மாவைப் பொங்கச் செய்கிறது. சூட்டில் இறுகிக் கேக்கைத் தாங்குகிறது. கொழுப்பையும் நீரையும் பிரியாமல் இணைக்கிறது. ஒரே பொருளால் இவ்வளவையும் ஈடுசெய்ய முடியாது. பொங்குவதற்கு அப்பச்சோடாவும் தேசிக்காய்ப் புளியும். ஈரத்துக்கும் இணைப்புக்கும் ரின்பால். எங்களுக்குக் கைவந்த அளவு இது: ரின்பால் ஒரு பேணி (397 கிராம்), கோதுமை மா 280 கிராம், பட்டர் 115 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, அப்பச்சோடா 1 தேக்கரண்டி, வெறும் சோடாத் தண்ணீர் ஒரு கோப்பை. கலந்தவுடன் போறணைக்குள் போகவேண்டும். காத்திருந்தால் வாயு வெளியேறி, கேக் களியாகும்.

கட்லற் சுலபம். மீனுக்குப் பதில் அவித்த வாழைப்பூ அல்லது பிலாக்காய். முட்டையில் தோய்ப்பதற்குப் பதில் தண்ணீராகக் கரைத்த கோதுமை மா. சீனிச்சம்பலில் மாசியை விட்டுவிட்டு, வெங்காயத்தை இன்னும் சிவக்க வதக்கிப் புளியைச் சற்றுக் கூட்டினார்கள். அப்பத்துக்குக் கள்ளு விடாத வீடுகளில் இளநீரில் சீனி போட்டுப் புளிக்க வைத்தார்கள். ஒடியற் கூழ் மட்டும் விவாதத்துக்குரியது. பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை போட்ட சைவக் கூழ் நல்ல கூழ்தான். நண்டுக்கூழுக்கு நிகரென்று சொன்னால் தீவுப்பகுதித் தோழியர் சிரிப்பார்கள்.

வட்டிலப்பத்தில் முட்டைக்குப் பதில் கடற்பாசி சேர்த்தது எங்கள் கணிப்பில் மிகச் சிறந்த மாற்றம். கடற்பாசி கொதித்தாற்தான் கரையும். ஆனால் 40 பாகைக்குக் கீழே, குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே இறுகிவிடும். யாழ்ப்பாண வெயிலுக்கு இதைவிட என்ன வேண்டும்? முட்டையை விலக்கிய வீடுகள் பல, மாட்டெலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலற்றினாலான ஜெலியைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுத்ததையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது, பேக்கரிகள் வெதுப்பகங்களாகவும் ஐஸ்கிறீம் குளிர்களியாகவும் பெயர் மாறியிருந்த அக்காலத்தில் ரின்பால் கனவாயிற்று. ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் வகுப்பு கற்றது இன்னொரு கேக்: றவை, தேங்காய்ப்பால், பனங்கட்டிப் பாகு, அப்பச்சோடா, தேசிக்காய்ப் புளி. சட்டிக்குள் மணல் பரப்பி, மேலும் கீழும் சிரட்டைத் தணல் போட்டு எடுத்தோம். மேற்பக்கம் கறுத்தாலும் உள்ளே பதமாக வந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, குறிப்புக் கொப்பிகளை யார் தூக்குவார்கள்? அரிசியும் பத்திரங்களும் போயின. கொப்பிகள் வீடுகளிலேயே தங்கின. திரும்பியபோது பல வீடுகளுக்குக் கூரையே இல்லை.

இம்மலருக்காக லண்டன், ரொறன்ரோ தோழியரிடம் கேட்டுக் குறிப்புகளைச் சேர்த்தோம். நினைவு நன்றாகவே இருந்தது, அளவுதான் குழப்பியது. எங்கள் வீடுகளில் வெறும் ரின்பால் பேணியே சுண்டு. அங்கே கடையில் வாங்கிய கோப்பையால் அளந்தவர்களுக்குக் கேக் நடுவில் இருந்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் கிராமில் நிறுத்து எழுதினோம்.

மருத்துவத்துக்குப் போன எங்களுக்கு ஒரு கவலையும் உண்டு. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் விற்றமின் பி12 தேவை. ஒரு முட்டையில் ஏறத்தாழ அரை மைக்ரோகிராம், ஒரு கோப்பைப் பாலில் ஏறத்தாழ ஒன்று. மரக்கறிகளில் அறவே இல்லை. முன்னைய சைவ வீடுகளில் மோரும் தயிரும் நாள்தோறும் இருந்தன. இன்று முட்டையும் இல்லை, பாலும் குறைந்து தேங்காய்ப்பாலே நிற்கிறது. ஈரலிற் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரிய வருடங்கள் எடுக்கும். பிறகு களைப்பு, கால் விறைப்பு, மறதி. நீரிழிவுக்கு மெற்போமின் எடுக்கும் அம்மாமாருக்கு இது இன்னும் விரைவாக வரலாம். கர்ப்பிணித் தாயிடம் குறைந்தால் குழந்தையின் நரம்புகளையும் பாதிக்கும். கேக்கில் விடும் பால் கணக்கில் வராது. பாலும் தயிரும் வேறாக வேண்டும். அவற்றையும் விலக்குவோர் மாத்திரை எடுக்கவேண்டும்.

லவ் கேக்குக்குச் சரியான சைவக் குறிப்பு மட்டும் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. றவையும் கஜுவும் பூசணித் தோசியும் இருக்கின்றன. மஞ்சட்கருவின் இடத்தில் தயிர் விட்டால் புளிக்கிறது, ரின்பால் விட்டால் அடிப்பிடிக்கிறது. வைத்திருப்பவர்கள் கிராம் அளவுடன் சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள்.