மண்வெட்டிப் பிடியும் கோல்ஃப் இரும்பும்

செட்டிபாளையம் என்ற பெயரையும் கோல்ஃப் என்ற சொல்லையும் சேர்த்து இணையத்தில் தேடினால் கோயம்புத்தூர்தான் வந்து நிற்கும். கோவைக்குத் தெற்கே அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. கோயம்புத்தூர் கோல்ஃப் கழகத்தின் பதினெட்டுக் குழி மைதானம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் செட்டிபாளையம் வேறு. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, ஊடே கல்முனை வீதி. இந்த எழுவான்கரை மணலில் எவரும் கோல்ஃப் ஆடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இலங்கையில் இந்த ஆட்டம் வெள்ளையரோடு வந்து அவர்கள் தங்கிய இடங்களிலேயே தங்கிவிட்டது. 1879இல் கொழும்பு காலிமுகத்திடலில் தொடங்கியது. 1889இல் நுவரெலியாவுக்கு ஏறியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1999இல், கண்டிக்கு அப்பால் திகனவில் ஒரு மைதானம் திறந்தார்கள். கிழக்கில் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் மைதானம் ஒன்று உண்டு. அவ்வளவுதான்.

ஆகவே ரொறன்ரோவிலிருந்து என் தம்பியின் மகன் அழைத்து, "பெரியப்பா, கோல்ஃப் மட்டையைப் பற்றி உங்களுக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டபோது சிரிப்பு வந்தது. நாற்பது வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் பழைய மூடநம்பிக்கை. ஆனால் விடயம் சிரிக்கத்தக்கதல்ல. அவனுடைய மகள் பாடசாலை அணியில் சேர முயல்கிறாள். வேலைத்தல நண்பர் ஒருவர் கொடுத்த பழைய இரும்பு மட்டைகளால் பழகுகிறாள். பந்து எப்போதும் இடப்பக்கம் ஓடுகிறது, மணிக்கட்டு நோகிறது. கடையிலே, அளவெடுத்துப் புதுத்தொகுதி வாங்கினால் ஆயிரம் டொலருக்கு மேல் ஆகும் என்றார்களாம். இரண்டு வேலை பார்க்கிறவன் அவன். "விடச் சொல்லவா, வாங்கவா?" என்பதே கேள்வி.

இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இது நமக்கு அந்நியமான விடயமே அல்ல என்று தோன்றியது.

கோல்ஃபில் இரும்பு மட்டை முதலில் கொல்லன் பட்டறைப் பொருள். தோற்பைக்குள் வேகவைத்த இறகை அடைத்துப் பந்து செய்த காலத்தில் இரும்பால் அடித்தால் பந்து கிழிந்துவிடும். எனவே இக்கட்டான இடங்களில் மட்டுமே அதை எடுத்தார்கள். 1848 அளவில் மலாயாவின் கட்டாப்பேர்ச்சா மரப்பாலில் செய்த உறுதியான பந்து வந்தது. அதன் பிறகே ஸ்கொட்லாந்துக் கொல்லர்களுக்கு இதில் வேலை பெருகிற்று. தலையைக் கொல்லன் அடிப்பான். ஹிக்கரி மரத்தண்டை மட்டை செய்பவர் சீவிப் பொருத்துவார். மரம் என்பதால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஆடுபவர் கையில் பிடித்து வீசிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார். 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களை வென்ற பொபி ஜோன்ஸ் தம்முடைய மட்டைகளை இவ்வாறு கைப்பக்குவத்தாலேயே சேர்த்தவர். பிற்காலத்தில் கருவியால் சோதித்தபோது ஒன்றைத் தவிர எல்லாம் ஒத்திருந்தன என்றும், அவருக்கு எப்போதும் தொல்லை கொடுத்தது அந்த ஒன்றுதான் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

உருக்குத் தண்டு வந்ததும் இது மாறியது. அமெரிக்காவில் 1920களின் நடுவிலும் பிரிட்டனில் 1929இலும் அது அனுமதிக்கப்பட்டது. உருக்குத் தண்டை ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்துவிடலாம். மாஷி, நிப்ளிக் என்ற பழைய பெயர்கள் போய் 3, 5, 7 என்று இலக்கங்கள் வந்தன. தொகுதியாக விற்கும் வழக்கமும் வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைப் பையில் திணித்தார்கள். பை சுமந்த சிறுவர்களின் முதுகைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அமெரிக்க விதி 1938இலும் பிரிட்டிஷ் விதி 1939இலும் பதினான்குக்கு மேல் கூடாது என்றன.

தொகுதி வந்ததில் மலிவும் ஒழுங்கும் கிடைத்தன, அளவு தொலைந்தது. நடுத்தர உயரமுள்ள ஒரு வெள்ளைக்காரரின் உடம்பே 'பொது அளவு' ஆயிற்று. அதற்கு ஒவ்வாதவர்கள் தம் உடம்பை மட்டைக்குப் பொருத்தினார்கள்.

வறியவர் கதைகள் பலவும் அப்படிப்பட்டவையே. ஸ்பெயினின் பெட்ரேனா கடற்கரையில் செவி பல்லஸ்டெரோஸ், அண்ணன் கொடுத்த ஒற்றை 3ஆம் இலக்க இரும்பாலேயே எல்லா அடியும் பழகி, 1979இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். தென்னாப்பிரிக்காவின் டேர்பனில் பை சுமந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினர் பப்வா சேகோலம். சொல்லிக் கொடுக்க ஆளின்றித் தாமாகப் பழகியதால் இடக்கை கீழும் வலக்கை மேலுமாகப் பிடித்து ஆடினார். 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் அவருடையது. 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றவருக்கு, நிறவெறிச் சட்டத்தின் காரணமாக, மண்டபத்துக்கு வெளியே மழையில் வைத்துக் கிண்ணம் கொடுத்தார்கள். 1991இல் இந்திய ஓப்பனை வென்ற டெல்லியின் அலி ஷேரும், 2009இல் வென்ற பெங்களூரின் முனியப்பாவும் பை சுமந்தவர்களே. இவையெல்லாம் விரும்பிச் சொல்லப்படும் கதைகள். ஆனால் ஒவ்வாத மட்டையால் கை நொந்து விலகிப்போனவர்களை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, நான் இருந்த பத்திரிகை உட்பட.

அளவைத் திரும்பக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911இல் நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். செருப்புத் தைப்பவரின் மகன், தாமும் அத்தொழில் செய்தவர். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியியலாளராக இருந்துகொண்டே 1959இல் வீட்டு வாகனக் கொட்டகையில் பிங் மட்டையைத் தொடங்கினார். தலையின் எடையை விளிம்புகளுக்குப் பரப்பியது அவருடைய பெரும் புதுமை என்பார்கள். எனக்குப் பிடித்தது மற்றது: 1970களில் அவர் கொண்டுவந்த வண்ணப்பொட்டு அட்டவணை. கறுப்புப் பொட்டு நடுநிலை. சிவப்பு தாழ்ந்த சாய்வு. நீலம் நிமிர்ந்த சாய்வு. ஒருவரின் உயரத்தையும், நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டிலிருந்து தரை வரையுள்ள தூரத்தையும் வைத்துப் பொட்டைத் தீர்மானிக்கலாம். கால் அளக்காமல் செருப்பு விற்க முடியாது என்பதை அறிந்த வீட்டுப் பிள்ளை அல்லவா!

இந்தச் சாய்வை எங்கள் கமக்காரர் அறிவார்கள். என் தந்தையார் வாவியைக் கடந்து படுவான்கரை வயலுக்குப் போகிறவர். கடையில் மண்வெட்டித் தகட்டைத்தான் வாங்குவார். பிடி அவருடைய உயரத்துக்கு வெட்டியது. ஆப்பைத் தட்டித் தட்டிக் கோணம் பார்ப்பார். பிறர் மண்வெட்டியால் ஒரு நாள் கொத்தினால் மூன்று நாள் இடுப்பு நோகும் என்பார்.

தம்பி மகனுக்கு இதைத்தான் சொன்னேன். மட்டையின் அடிப்பகுதியில் ஒட்டுநாடாவை ஒட்டி, பலகை மேல் வைத்த பந்தை அடிக்கச் சொல். உராய்ந்த குறி குதிப்பக்கம் விழுந்தால் மட்டை அவளுக்கு மிக நிமிர்ந்தது; நுனி தூக்கி நிற்கும், பந்து இடப்பக்கம் போகும். நுனிப்பக்கம் விழுந்தால் மறுதலை. 7ஆம் இலக்கத்தின் பொது நீளம் 37 அங்குலம். அரை அங்குலம் குறைத்தாலே ஏறக்குறைய ஒரு பாகை தாழ்ந்ததுபோல் நடக்கும். அடித்துச் செய்த மென்னுருக்குத் தலையைப் பட்டறையில் இரண்டு பாகை வளைப்பது எளிது. வார்த்த தலைகள் பல அதற்கு இலேசில் இணங்கா. ஆண்களுக்கான கனத்த உருக்குத் தண்டு சிறுமிக்கு ஆகாது. பாரம் குறைந்த தண்டு வேண்டும். முழுத்தொகுதியும் தேவையில்லை, பிரிட்டனில் அரைத்தொகுதி வாங்கிப் பழகுவது பழைய வழக்கம். 5, 7, 9, மணலிலிருந்து தூக்கும் மட்டை ஒன்று. புதிதாகவும் இருக்க வேண்டியதில்லை. வீச்சுப் பழுத்த பிறகு கணினிமுன் நின்று அளவெடுப்பதில் பொருள் உண்டு; வளரும் பிள்ளைக்கு இன்று எடுக்கும் அளவு அடுத்த வருடம் பிழைக்கும்.

குறி குதிப்பக்கமே விழுந்தது. இரண்டு கிழமை தேடி, சிவப்புப் பொட்டு இட்ட பழைய பெண்கள் தொகுதியில் நான்கை, கேட்ட விலையின் எட்டில் ஒரு பங்குக்கு வாங்கினான். பிடியின் தோல் தேய்ந்திருந்ததால் மாற்றினான். 1990இல் பன்னிரண்டு வயதில் ஊரைவிட்டுப் போனவன். மூத்தப்பாவின் மண்வெட்டி அவனுக்கு நினைவிருக்கிறது என்பதே எனக்குப் புதிது.

போன ஞாயிறு மறுபடி அழைத்தான். அணித் தெரிவு அடுத்த மாதம்தானாம்.

"குறி நடுவுக்கு வந்திட்டு, பெரியப்பா," என்றான்.