கடல்நுரைச் சுங்கான்

நேயர்களே, ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் சுங்கானைப் பற்றிப் பேசலாமா என்று உங்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிப்பது நியாயமே. புகையிலையின் தீமைகளைப் பற்றிக் கட்டுரை வரைக என்று ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பணித்து, அதற்கு மதிப்பெண்ணும் இட்டவன் நான். அதே நான் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பழைய சுங்கானைப் பற்றவைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் புகைத்திருக்கிறேன். இப்பொழுது புகைப்பதில்லை. சுங்கான் மட்டும் ஓசூரில் என் மேசையின்மேல் இருக்கிறது. அது எந்த மண்ணில் பிறந்து, எவ்வழியாக இந்த எல்லைப்புறத்து ஊரை அடைந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அது மரத்தாற் செய்ததன்று. ஒருவகை மண்கல்லைக் குடைந்து செய்தது. ஜெர்மானியர் அக்கல்லை மீர்ஷாம் என்பர். அம்மொழியில் அச்சொல்லுக்குக் கடல்நுரை என்பது பொருள். நிற்க. நம் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் என்ன தருவார்கள்? கணவாய் மீனின் ஓட்டைத் தருவார்கள். வெண்மையும் மென்மையும் உடையது, நீரில் மிதப்பது. கிளாக்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1847இல் அந்தக் கல்லுக்குச் செபியோலைட் என்று அறிவியற் பெயரிட்டபோது, கணவாய் ஓட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். ஜெர்மானியர் கல்லைக் கடல்நுரை என்றனர். நம் வைத்தியர் கணவாய் ஓட்டைக் கடல்நுரை என்றனர். கிளாக்கரோ கல்லுக்குக் கணவாய் ஓட்டின் பெயரையே இட்டுவிட்டார். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே உவமையில் வந்து சந்தித்திருக்கிறார்கள். இலக்கணம் கற்பித்தவனுக்கு இதைவிட இன்பமான செய்தி வேறென்ன வேண்டும்!

துருக்கி நாட்டில் எஸ்கிஷெஹிர் என்றொரு நகரம் உண்டு. அதைச் சூழ்ந்த சமவெளியில் குழி தோண்டி, முண்டு முண்டாக இக்கல்லை எடுக்கிறார்கள். எடுத்த ஈரத்தில் கத்திக்கு இணங்கும், உலர்ந்தால் இறுகும், நன்றாக உலர்ந்த துண்டு நீரில் மிதக்கும். மக்னீசியமும் மணற்சத்தும் நீரும் கூடிய பொருள் அது. எஸ்கிஷெஹிரில் அது மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல்லோடு சேர்ந்தே கிடைக்கிறது. வெள்ளைக்கல் என்றதும் சேலத்தார் நிமிர்ந்து உட்கார்வார்கள். சேலத்துக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று நரம்போடிய குன்றுகளைச் சீமைச் சுண்ணக் குன்றுகள் என்று வெள்ளைக்காரர் பிழையாகப் பெயரிட்டனரே, அவை அந்த மாக்னசைட்டுதான். அங்கே கடல்நுரைக்கல் வெட்டி எடுப்பதாக நான் சொல்லவில்லை. ஆயினும் உறவுமுறை சொன்னால் என் சுங்கான் சேலத்து மண்ணுக்குப் பங்காளியாகும்.

இக்கல்லில் முதன்முதலாகச் சுங்கான் குடைந்தவர் யார்? 1723ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் பிரபு ஒருவர் துருக்கியிலிருந்து கொணர்ந்த கல்லை ஒரு செருப்புத் தொழிலாளியிடம் கொடுத்தார் என்றும், அவருடைய கையிலிருந்த மெழுகு பட்ட இடமெல்லாம் பொன்னிறம் ஏறியது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை என்றே அதைக் கொள்ளுதல் நலம். ஆனால் மெழுகைப் பற்றிய செய்தி மெய். செதுக்கி முடித்த சுங்கானைத் தேன்மெழுகில் தோய்த்தெடுப்பார்கள். கல் முழுதும் கண்ணுக்குத் தெரியாத நுண்டுளைகள். புகைக்கப் புகைக்க, சூட்டில் இளகிய மெழுகும் புகையிலையின் நெய்யும் அத்துளைகளில் ஏறும். வெண்மை தந்தநிறமாகும், தந்தம் மஞ்சளாகும், மஞ்சள் தேனாகி, ஆண்டுகள் பல சென்றபின் புளியங்கொட்டையின் செம்பழுப்பாகும். 19ஆம் நூற்றாண்டில் வியன்னா நகரம் இத்தொழிலில் உலகப் புகழ் பெற்று விளங்கியது. பின்னர்ப் பிரான்சு நாட்டு மரச் சுங்கான் மலிவாக வந்து இதனைப் பின்னுக்குத் தள்ளிற்று.

இனி, நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். சுங்கான் துரைமார் கொண்டுவந்த பொருள் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். முழு உண்மை அதுவன்று. மூலிகைத் திரியின் புகையைக் குழாய்வழி இழுக்கும் முறையைச் சரகசம்ஹிதையே மருத்துவமாகச் சொல்கிறது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாகத் தக்காணம் சேர்ந்தது. அக்பரின் தூதராகப் பீஜப்பூர் சென்ற அஸத் பேக் என்பவர், அங்கே அப்புதுமையைக் கண்டு, 1604ஆம் ஆண்டை ஒட்டி மணிகள் இழைத்த குழாயுடன் அதை அரண்மனைக்குக் கொண்டுபோனார். அக்பர் சில இழுப்புகள் இழுத்தார். உடனிருந்த மருத்துவர் தடுத்தார். அதே 1604இல் இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து நூலே எழுதினார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617இல் தடை விதித்தார். மன்னர்கள் தடுத்ததும் குடிகள் கேளாததும் இங்கும் அங்கும் ஒன்றுபோலவே நடந்தன.

அந்தப் பீஜப்பூரின் படை 1638இல் பெங்களூரைக் கைக்கொண்டது. பெங்களூரிலிருந்து ஓசூர் ஒன்றரை நாள் நடைதான். படை நடந்த பாதையில் உக்காவும் நடந்திருக்கும் என்று கருத இடமுண்டு. புகையிலையை வெல்லப்பாகோடு பிசைந்த உருண்டைக்குக் குடாக்கு என்று பெயர். அதை நெருப்பிலிட்டு, நீரில் குளிர்வித்து இழுப்பது உக்கா. வந்த வெள்ளைக்காரர் இதற்கு எவ்வளவு அடிமைப்பட்டார்கள் தெரியுமா? 1779இல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் விடுத்த விருந்தழைப்பில், உக்கா ஏந்தும் பணியாளைத் தவிர வேறு ஆட்களை அழைத்து வரவேண்டா என்று குறித்திருந்தார்கள்!

1792இல் பாராமகால் கும்பினியார் கைக்கு மாறியது. கர்னல் ரீடின் கீழ் முன்றோ முதலானோர் ஊரூராகக் கூடாரம் அடித்து நிலத்தை அளந்தனர். ஓசூர்ப் பகுதி திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல்தான் அவர்கள் வசமாயிற்று. அதன்பின் மத்திகிரியில் பட்டாளத்துக் குதிரைகளுக்குப் பண்ணை எழுந்தது. இராயக்கோட்டையின் குளிர்ச்சியை நாடி ஓய்வூதியம் பெற்ற படைவீரர்கள் குடியேறினர். உக்கா மெல்ல ஒழிந்து சுருட்டு வந்தது. சுருட்டு என்னும் நம் சொல்லையே ஆங்கிலேயர் தம் மொழியில் ஏற்றிக்கொண்டனர். திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைக்கொண்டு துப்பறியும் காட்சியைக் கோனன் டாயில் 1887இல் எழுதிய ஹோம்ஸ் கதையிலே காணலாம். அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கடல்நுரைச் சுங்கானும் வந்திறங்கியது. நம்மிடம் உக்கா புகைக்கக் கற்று, அதை மறந்து, வேறு வடிவில் மீண்டும் நம்மிடமே கொண்டுவந்தார்கள்.

என்னுடையதை எனக்குத் தந்தவர் மத்திகிரியில் வாழ்ந்த ஓர் ஆங்கிலோ-இந்திய முதியவர். அவர் தந்தை, மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை ஓடிய சிறுபாதை இரயிலில் கார்டு வேலை பார்த்தவர். 1941ஆம் ஆண்டு போர்க்காலத்தில் அந்த இரயில் நிறுத்தப்பட்டுவிட்டது. பெங்களூர்த் தண்டில் ஊருக்குத் திரும்பும் பட்டாள அதிகாரி ஒருவர் சாமான்களை ஏலம் விட்டபோது கார்டு இதை வாங்கினாராம். இரயில் மலையேறும் வேகத்துக்கு, ஒரு முறை நிரப்பிய புகையிலை ஓசூர் வரை வந்துவிடும் என்று முதியவர் சொல்லிச் சிரிப்பார்.

1986இல் நான் இளம் ஆசிரியனாக அவரிடம் ஆங்கில உச்சரிப்புக் கற்கப் போவேன். கற்றது குறைவு, பார்த்தது அதிகம். கைக்குட்டையால் கிண்ணத்தைப் பற்றுவார். விரல் பட்டால் நிறம் திட்டுத்திட்டாகும் என்பார். அடியில் தளர்த்தியாகவும் மேலே சற்று அழுத்தமாகவும் புகையிலையை வைப்பார். முதல் தீக்குச்சி மேற்பரப்பைக் கருக்குவதற்கு மட்டும், இரண்டாவதில்தான் புகைப்பார். நான் ஒருமுறை வாங்கி அவசரமாக இழுத்தேன். “மெதுவாக, வாத்தியாரே! அணைந்துவிட்டால் அணையட்டும். கல் சூடேறினால் அப்புறம் சுவை போய்விடும்” என்றார். மூன்று கால் மணி நேரம் இருவரும் பேசாமலிருப்போம். வேப்பமரத்தில் காகங்கள் அடங்கும். கிண்ணத்தின் சூடு உள்ளங்கைக்கு மெல்ல வந்து சேரும். அந்த அமைதியை நான் வேறெங்கும் பெற்றதில்லை; பொய் சொல்ல விரும்பவில்லை.

1994இல் அவர் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சுங்கான் புகைப்போர்க்கு உதட்டில் புற்று வருவதைச் சோமரிங் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1795லேயே, முன்றோ நம் வயல்களை அளந்துகொண்டிருந்த அந்நாளிலேயே, எழுதி வைத்திருக்கிறார். இருநூறு ஆண்டுச் செய்தி மத்திகிரித் திண்ணைக்கு வந்துசேரவில்லை. வந்திருந்தாலும் நாங்கள் கேட்டிருப்போமோ என்னவோ. கடைசி மாதங்களில் அவரால் பேச இயலவில்லை. ஒரு மாலை சுங்கானைத் துணியில் சுற்றி என் பக்கம் நகர்த்தினார். பற்றவைக்கும்படி சைகை காட்டினார். நான் பற்றவைத்தேன். அவர் கண்ணை மூடி மணத்தை முகர்ந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகும் நான் பன்னிரண்டு ஆண்டுகள் புகைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். 2006இல் பல் மருத்துவர் ஒருவர் என் கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலம் ஒன்றைக் காட்டினார். அன்றோடு நின்றது. படலம் பின்னர் மறைந்தது. நான் பிழைத்தது என் அறிவால் அன்று.

இப்பொழுது ஓசூர் வேறு ஊர். சிப்காட் தொழிற்பேட்டையில் முறை மாறும் வேளையில் சாலை நிறையப் பேருந்துகள். பொது இடங்களில் புகைத்தல் 2008 அக்டோபர் 2 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் தேநீர்க் கடைக்குப் பின்புறம் இளைஞர்கள் நான்கே இழுப்பில் சிகரெட்டை முடித்துவிட்டு ஓடுகிறார்கள். எங்களுக்கு இருந்த தீங்கு அவர்களுக்கும் உண்டு. எங்களுக்கு இருந்த மாலை நேரம் அவர்களுக்கு இல்லை.

சென்ற மழைக்காலத்தில் என் பேத்தி சுங்கானைக் கையில் எடுத்து, “தாத்தா, இது முதலில் என்ன நிறம்?” என்று கேட்டாள். கிண்ணத்தின் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டினேன். எப்போதோ இரயில் குலுக்கிய குலுக்கலில் கார்டின் கையிலிருந்து விழுந்து, ஒரு சிறு சில்லு தெறித்த இடம் அங்கே உண்டு. உள்ளே கல் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது. அவள் நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள். மீண்டும் ஒருமுறை முகர்ந்தாள். நான் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டேன்.