தக்கோலத்து யானையும் ஆதகூர் நாயும்

நவராத்திரி வந்தால் ஆண்டாப் ஹில் காலனியில் நம்மவர் இல்லந்தோறும் கொலுப்படிகள் எழுகின்றன. படிகளின் அருகே தரையில் பூங்கா, தெப்பக்குளம், சந்தை முதலியவற்றை அமைப்பதும் வழக்கம். தீபாவளியின்போது நம் அண்டைவீட்டு மராட்டியச் சிறுவர்கள் மண்ணால் கில்லா கட்டி, உச்சியில் சத்ரபதி சிவாஜியை அமர்த்திச் சரிவுகளில் மாவளா வீரர்களை நிறுத்துகின்றனர். அக்கோட்டைகளைக் காணுந்தோறும், நம் தமிழகத்துச் சரித்திரத்தையும் இவ்வாறு குழந்தைகளின் கண்முன் நிறுத்தலாகாதா என்னும் எண்ணம் எழுவது இயல்பே. அங்ஙனம் முற்படுவோர்க்கு நேரும் முதல் இடர் மனித உருவங்களால் அன்று, விலங்குகளால் நேர்வது என்பதை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

கடையில் விற்கும் பொம்மை விலங்குகள் பெரும்பாலும் பெட்டிக்கு அடங்கும் அளவில் செய்யப்படுபவை. ஒரே பையில் உள்ள யானையும் குதிரையும் நாயும் ஏறத்தாழ ஒரே உயரம் இருக்கும். கலையில் இது குறையன்று. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. இரண்டையும் சமமாக்கியதே அங்குச் சிற்பியின் திறம். ஆனால் நடந்த நிகழ்ச்சியைக் காட்டுமிடத்து அளவு பிழைத்தால் பொருளும் பிழைத்துவிடும். தக்கோலப் போரை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவோம்.

அரக்கோணம்–செங்கற்பட்டு இருப்புப்பாதையில் தக்கோலம் என்றொரு நிலையம் உண்டு. நாம் ஊருக்குச் செல்லும் சென்னை வண்டி அரக்கோணத்தைக் கடந்தே செல்கிறது. அங்கிருந்து தக்கோலம் அணித்தே உள்ளது. அவ்வூரில் 949-ஆம் ஆண்டில் சோழப் படையும் இராட்டிரகூடப் படையும் மோதின. முதற் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் சோழர் படையை நடத்தினான். எதிர்த்தவன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணைநின்றவன் கங்க அரசன் பூதுகன். இராசாதித்தன் யானைமீதிருந்தவாறே கூரிய அம்புகளால் மார்பு துளைக்கப்பட்டு வீழ்ந்தான் என்று ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. ‘ஆனைமேல் துஞ்சினவன்’ என்று அவனைப் பின்னோர் போற்றினர். தலைவனை இழந்த சோழர் படை நிலைகுலைந்தது. தொண்டைமண்டலம் பகைவர் கைப்பட்டது.

இந்நிகழ்ச்சியின் உயிர்நிலை யானையின் உயரமே. வளர்ந்த ஆண் யானை தோள்மட்டத்தில் ஏறத்தாழ 9 அடி நிற்கும். அதன்மேல் அமர்ந்தவனின் மார்பு தரையிலிருந்து 10 அடிக்கும் மேலே இருக்கும். தரையில் நிற்பவனின் வாள் அங்கு எட்டாது, அம்பு எட்டும். தன் படையினர் அனைவரும் காணத்தக்க உயரத்தில் தலைவன் இருந்தான்; பகைவர் அனைவரும் குறிவைக்கத்தக்க உயரமும் அதுவே. பெருமையும் இடரும் ஓரிடத்தில் இருந்தன. குதிரையளவு யானைப் பொம்மையின்மேல் இளவரசனை ஏற்றிவைத்தால், அம்பு எதற்கு, வாளால் வெட்டலாகாதா என்று குழந்தை கேட்கும். அக்கேள்விக்குக் காட்சியில் விடை இராது.

எனவே முதலில் அளவுகோலை வரையறுத்தல் வேண்டும். 16-இல் ஒரு பங்கு என்பது வீட்டுக்கு ஏற்றது. ஓர் அடிக்கு முக்கால் அங்குலம் என்று கணக்கிடுவதும் எளிது. 5 அடி 4 அங்குல வீரன் 4 அங்குலம் ஆவான். 9 அடி யானை 6¾ அங்குலம். தோள்மட்டத்தில் 4 அடி 8 அங்குலம் நிற்கும் குதிரை 3½ அங்குலம். 4 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள பலகை அப்போது 64 அடிக்கு 48 அடி நிலமாகிறது. இதில் பெரும்படையைக் காட்ட இயலாது. ஒரு யானை, நான்கைந்து குதிரைகள், சில வில்லாளர் என்ற அளவில் இறுதிக் கணத்தை மட்டும் காட்டுவதே தக்கது. பொருந்தாத சிறு பொம்மைகளையும் எறிந்துவிட வேண்டுவதில்லை; பலகையின் பின்வரிசையில் நிறுத்தினால் அவை தொலைவிலுள்ள படையாகத் தோன்றும்.

அளவு மட்டும் போதாது, இனமும் பொருந்தவேண்டும். பிளாஸ்டிக் யானைகளுள் ஆப்பிரிக்க யானைகள் பல உண்டு. விசிறிபோல் அகன்ற காதும் நடுவில் தாழ்ந்த முதுகும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். நம் யானைக்குக் காது சிறியது, முதுகு வளைந்து உயர்ந்தது, நெற்றியில் இரு மேடுகள் உண்டு. திமிலற்ற சீமைப்பசுவைச் சோழர் வண்டியில் பூட்டுவதும் தகாது.

மேனாட்டில் இலண்டனைச் சேர்ந்த பிரிட்டன் கம்பெனி 1893 முதல் உள்ளீடற்ற ஈய வீரர்களை 54 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவில் வார்த்து விற்றது. ஆண்டுதோறும் வாங்கினும் ஒன்றோடொன்று பொருந்தின. நம் நாட்டில் அத்தகைய ஒழுங்கு இல்லையாயினும் கைவினைஞர் உளர். விசயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபள்ளியின் அம்பாரி யானை பெயர்பெற்றது. பண்ருட்டியும் மதுரையை அடுத்த விளாச்சேரியும் மண்பொம்மைக்கு உரியவை; ஊருக்குச் செல்வோர் அளவு குறித்த தாளைக் கையோடு கொண்டுசெல்வது நலம். நமக்கு அணித்தேயுள்ள தாராவி கும்பார்வாடாவில் சௌராட்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் வாழ்கின்றனர். அங்கு மண் பெற்று நாமே வனையலாம். மண் உலர்ந்து சுடப்படுகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதை நினைவிற் கொள்க. 6¾ அங்குல யானை வேண்டுமாயின் ஈரமண்ணில் 7½ அங்குலம் செய்தல் வேண்டும்.

இக்காட்சியின் ஓரத்தில் வைக்கத்தக்க விலங்கு இன்னும் ஒன்று உண்டு. கருநாடகத்து மாண்டியப் பகுதியில் ஆதகூர் என்னும் ஊரில் கிடைத்த கல்வெட்டு, தக்கோலத்தில் பூதுகன் இராசாதித்தனைக் கொன்றதைக் கூறுகிறது. அதே கல் வேறொரு செய்தியையும் கூறுகிறது. பூதுகனின் வீரனாகிய மணலேரன் போரில் காட்டிய ஆண்மைக்குப் பரிசாகப் பொன்னையும் பொருளையும் வேண்டாது, ‘காளி’ என்னும் வேட்டைநாயை வேண்டிப் பெற்றான். அந்நாய் ஒரு பெரும் காட்டுப்பன்றியோடு பொருது, அதனைக் கொன்று தானும் மடிந்தது. அதன் நினைவாக நடப்பட்ட கல்லே அது. உச்சியில் நாயும் பன்றியும் பொரும் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. தக்கோலத்தில் மடிந்த எண்ணற்ற வீரரின் பெயர்கள் மறைந்தன. ஒரு நாயின் பெயர் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது.

நம் அளவுகோலில் 3 அடிப் பன்றி 2¼ அங்குலம். 2 அடி நாய் 1½ அங்குலமே. நாயைப் பன்றியளவு பெருக்கிவைத்தால் பார்வைக்கு எடுப்பாக இருக்கலாம். ஆனால் தன்னினும் பெரிய பகையை எதிர்த்த காளியின் வீரம் மறைந்துபோகும். யானையைச் சிறுக்கவைத்தால் இராசாதித்தன் ஏற்றுக்கொண்ட இடர் மறைந்துபோகும்.

இந்நகரில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் பள்ளியில் மராட்டியர் வீரத்தை விரிவாகக் கற்கின்றனர், அது நன்றே. தம் முன்னோர் சரித்திரத்தை அவர்கள் காணும் இடம் நம் கூடத்துத் தரைதான். அங்கு நாம் வைக்கும் அளவே அவர்கள் மனத்தில் நிற்கும். ஆதலின் வரும் நவராத்திரியில் சரித்திரக் காட்சி அமைக்கும் அன்பர்கள் பொம்மைக் கடைக்குச் செல்லுமுன் ஓர் அடிக்கோலைப் பையில் இட்டுச் செல்வார்களாக.