துப்பு இருக்க க்ளூ எதற்கு?

செம்பவாங் சன் பிளாசா நூலகத்தில் எடுத்த கதையில், கிராமத்துக் கல்யாண வீட்டில் ஒரு பிணம். பக்கத்துக்குப் பக்கம் ‘க்ளூ’. நம்மிடம் துப்பு இல்லையா? பழந்தமிழில் அதற்கு வலிமை, துணை, பவளம் என்றெல்லாம் பொருள். வள்ளுவர் வான்சிறப்பில் உணவு என்ற பொருளில் ஒரே குறளுக்குள் திரும்பத் திரும்ப ஆள்கிறார். ‘துப்புக்கெட்டவன்’ என்ற வசவில் இருப்பது அந்தப் பழைய வலிமைதான். குற்றத்தின் நூல்முனை என்பது பிற்காலப் பொருள். தடயம் வேறு: பந்தியில் கிடந்த நஞ்சுக் குப்பி தடயம், சமையற்கட்டில் பெரியம்மா வாய்தவறிச் சொன்னது துப்பு. க்ளூ இரண்டையும் குழப்புகிறது. ஊர்வம்பிலேயே கொலையாளி சிக்கும் இவ்வகைக் கதைக்குத் துப்புதான் பொருத்தம். உமிழும் துப்பு வேறு. சிங்கப்பூரில் அதற்கு அபராதம் உண்டு.