பொய்த்த நாட்பதிவேடும் பொதுக் குடிநீரும்: கனடாவின் வாக்கர்டன் நோய்ப்பரவல் (2000) – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள வாக்கர்டன் என்னும் சிறுநகரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் குழாய்க் குடிநீர் வழியாக நோய் பரவி எழுவர் இறந்தனர். 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இந்நிகழ்வு பொதுவாகப் பணியாளர் இருவரின் கடமை தவறுதலாகவோ அரசின் செலவுக் குறைப்பின் விளைவாகவோ விளக்கப்படுகிறது. இக்கட்டுரை அந்நகரின் நீரேற்று நிலையங்களில் எழுதப்பட்ட நாட்பதிவேட்டை மையமாகக் கொள்கிறது. பதிவேடு பொய்யாக எழுதப்பட்டதோடு, அப்பொய் பல ஆண்டுகள் படிக்கப்படாமலே இருந்ததும் இந்நிகழ்வின் அடிப்படைக் காரணங்களுள் ஒன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முதன்மைச் சொற்கள்: குடிநீர், குளோரின் எச்சம், நாட்பதிவேடு, வாக்கர்டன், ஓ'கானர் ஆணையம், பொதுச் சுகாதார வரலாறு

முன்னுரை

குழாயில் வரும் நீர் தூயதா என்பதைப் பருகுபவர் கண்ணாலோ நாவாலோ அறிய இயலாது. தெளிந்த நீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம். எனவே குழாய்நீரைப் பருகுதல் என்பது, யாரோ ஒருவர் அளந்து, எழுதி, சரிபார்த்திருக்கிறார் என்னும் நம்பிக்கையின்மேல் அமைந்த செயலாகும். அந்நம்பிக்கையின் எழுத்து வடிவமே நாட்பதிவேடு. அப்பதிவேடு பொய்த்தால் நேர்வது யாது என்பதற்கு வாக்கர்டன் விரிவான சான்றுகளுடன் கூடிய எடுத்துக்காட்டாகும். நீதிபதி டெனிஸ் ஓ'கானர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2002 சனவரியில் நிகழ்வின் காரணங்களைப் பற்றியும் அதே ஆண்டு மே மாதத்தில் மாகாணத்தின் குடிநீர்ப் பாதுகாப்பைப் பற்றியும் இரு பகுதிகளாக அறிக்கை அளித்தது. அவ்வறிக்கையின் முடிவுகளை ஆவணப் பயன்பாட்டு வரலாறாக வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்தாம் கிணறு

ஏறத்தாழ 4,800 பேர் வாழ்ந்த வாக்கர்டனுக்கு நிலத்தடி நீரே குடிநீர் ஆதாரம். 2000ஆம் ஆண்டில் ஐந்து, ஆறு, ஏழு என எண்ணிட்ட மூன்று கிணறுகள் பயன்பாட்டில் இருந்தன. நகரின் பொதுப் பயன்பாட்டு வாரியம் அவற்றை நிர்வகித்தது. இவற்றுள் 1978இல் அமைக்கப்பட்ட ஐந்தாம் கிணறு, நிலமட்டத்திலிருந்து 5 முதல் 8 மீட்டர் ஆழத்திலேயே நீரைப் பெற்றது. மேல்மண் மெல்லியது; அதன் கீழுள்ள பாறை பிளவுகள் கொண்டது. மேற்பரப்பு நீர் மண்ணில் வடிகட்டப்படாமல் விரைவாகக் கிணற்றை அடைய இவை வழிசெய்தன. இந்த ஆபத்து கிணறு அமைக்கப்பட்ட காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. எனினும் மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி வழங்கியபோது, கிணற்றை இயக்குவதற்கான தனி நிபந்தனை எதையும் அதில் சேர்க்கவில்லை. முதல் ஆவணமான அனுமதி ஆணையிலேயே, எழுதப்பட வேண்டிய ஒன்று எழுதப்படாமல் விடப்பட்டது.

குளோரின் எச்சம் என்னும் சான்று

நீரில் இடப்படும் குளோரின், அங்குள்ள கிருமிகளோடும் கரிமப் பொருள்களோடும் வினைபுரிந்து செலவாகும். செலவானது போக எஞ்சுவதே குளோரின் எச்சம். மாசு மிகும்போது எச்சம் குறையும். மாசு பெருகினால் எச்சமே இராது. ஆதலின் எச்சத்தின் அளவு நீர் தூய்மிக்கப்பட்டதற்குச் சான்றாவதோடு மாசு நுழைந்ததை அறிவிக்கும் முன்னெச்சரிக்கையாகவும் அமைகிறது. பதினைந்து நிமிடத் தொடர்புக்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எச்சம் இருத்தல் வேண்டும் என்பது அக்காலத்து ஒண்டாரியோவின் நெறிமுறையாக இருந்தது. நாள்தோறும் அதை அளந்து பதிவேட்டில் எழுதுவது இயக்குபவரின் கடமையாக இருந்தது.

வாக்கர்டனில் எச்சம் பெரும்பாலான நாள்களில் அளக்கப்படவில்லை. ஆயினும் பதிவேட்டின் கட்டங்கள் வெறுமையாக விடப்படவில்லை. 0.5 அல்லது 0.75 என்னும் எண்களே ஆண்டுக்கணக்கில் மாறி மாறி எழுதப்பட்டன. உண்மையில் இடப்பட்ட குளோரின் நெறிமுறை கோரிய அளவைவிடக் குறைவு. நுண்ணுயிர் ஆய்வுக்கான நீர் மாதிரிகளிலும், எடுக்கப்பட்ட இடத்துக்கு மாறாக வேறு இடத்தின் பெயரை எழுதும் வழக்கம் இருந்தது.

இப்பொய்யின் பின்னிருந்த மனநிலை கருதத்தக்கது. கிணற்று நீர் இயல்பிலேயே தூயது என்று பணியாளர்கள் நம்பினர்; குளோரின் சேர்க்காத நீரைத் தாமே பருகினர். குளோரின் சுவை மிகுதியாக இருப்பதாக நகர மக்கள் சிலர் குறைகூறியதும் உண்டு. நீர் நல்லது என்று முன்னரே முடிவு செய்தவருக்கு அளவீடு வெறும் சடங்காகவும் பதிவேடு மேலிடத்துக்குக் காட்டும் தாளாகவும் தோன்றின. பொது மேலாளரும் மேற்பார்வையாளரும் பணி அனுபவத்தின் அடிப்படையில் தேர்வின்றியே உரிமச் சான்று பெற்றவர்கள். எச்சம் ஏன் அளக்கப்படுகிறது என்பதை அவர்களுக்கு முறையாகக் கற்பித்தவர் இலர்.

மே 2000: பதிவும் நிகழ்வும்

மே 8 முதல் 12 வரையிலான ஐந்து நாள்களில் ஏறத்தாழ 134 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதில் 70 மில்லிமீட்டர் 12ஆம் நாளில் மட்டும் பெய்தது. ஐந்தாம் கிணற்றை அடுத்த பண்ணையில் இடப்பட்டிருந்த கால்நடை எருவிலிருந்து ஈ.கோலை ஓ157:எச்7, கேம்பிலோபாக்டர் ஜெஜுனி ஆகிய நுண்ணுயிரிகள் மழைநீரோடு கிணற்றை அடைந்தன. பண்ணையாளர் ஏற்கப்பட்ட முறைப்படியே எருவிட்டார் என்றும் அவர்மீது குற்றமில்லை என்றும் ஆணையம் தெளிவுபடுத்தியது. அடுத்து வந்த நாள்களில் எச்சத்தை அளந்திருந்தால் அதன் வீழ்ச்சி மாசைக் காட்டிக்கொடுத்திருக்கும். அளவீடு நடைபெறவில்லை, பதிவேட்டில் மட்டும் வழக்கமான எண் ஏறியது.

மே 15இல் எடுக்கப்பட்ட மாதிரிகளில் ஈ.கோலை இருப்பதைத் தனியார் ஆய்வகம் 17ஆம் நாள் வாரியத்துக்குத் தெரிவித்தது. 15 முதல் 19 வரை ஏழாம் கிணறு குளோரின் கருவியே இன்றி இயங்கியது. 19ஆம் நாள் வட்டாரச் சுகாதாரப் பிரிவு நீரைப் பற்றி வினவியபோது பொது மேலாளர் இவ்விரு செய்திகளையும் மறைத்தார். நோயுற்ற குழந்தைகளைக் கண்ட மருத்துவர் குடல்தொற்றை ஐயுற்றிருந்தார். ஆனால் நீர் நன்றாக உள்ளது என்ற உறுதிமொழியால் தேடல் உணவின் பக்கம் திரும்பியது. மே 21 பிற்பகலில் சுகாதாரப் பிரிவு தானாகவே நீரைக் கொதிக்கவைத்துப் பருகுமாறு அறிவுறுத்தியது. அவ்வறிவிப்பும் உள்ளூர் வானொலி வழியாகவே சென்றதால் பலரை அன்று எட்டவில்லை. உண்மை மே 19இலேயே வெளிப்பட்டிருந்தால் 300 முதல் 400 பேர் வரை நோயினின்று தப்பியிருப்பர் என்பது ஆணையத்தின் கணிப்பு. நோயுற்றோருள் 27 பேர் சிறுநீரகத்தைத் தாக்கும் கடும் சிக்கலுக்கு ஆளாயினர்.

நோய் பரவிய பின்னரும் பதிவேடு திருத்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அமைச்சகம் ஆவணங்களைக் கேட்டபோது, குளோரின் கருவி இல்லாத நாள்களை மறைக்கும் நோக்குடன் ஏழாம் கிணற்றின் தாள் மாற்றி எழுதப்பட்டது. அதுவரை எவரும் படிக்காத தாள், படிக்கப்படும் என்ற அச்சம் எழுந்த கணத்தில்தான் எழுதியவருக்கே ஆவணமாகத் தோன்றியது.

படிக்கப்படாத பதிவேடு

அமைச்சகம் 1991, 1995, 1998 ஆகிய ஆண்டுகளில் வாக்கர்டனில் நேராய்வு நடத்தியது. ஆய்வாளர் அளந்தபோது எச்சம் நெறிமுறையளவினும் குறைவாகக் காணப்பட்டது. பதிவேட்டிலோ எண்கள் சீராக இருந்தன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டிருந்தால் பொய் வெளிப்பட்டிருக்கும். மேலும் அச்சீர்மையே ஐயத்துக்குரியது. மழை, வெப்பம், நீர்ப்பயன்பாடு ஆகியவற்றுக்கேற்ப நாள்தோறும் மாற வேண்டிய ஓர் அளவு ஆண்டு முழுதும் இரு எண்களுக்குள் அடங்குதல் இயல்பன்று. 1998ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை குறைகளைச் சுட்டியபோதும் வாரிய உறுப்பினர்கள் அதன்மேல் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. அமைச்சகமும் தொடர் ஆய்வு நிகழ்த்தவில்லை.

ஆய்வக அறிக்கைக்கும் இதே நிலைதான். மாகாண அரசு செலவுக் குறைப்பின் ஒரு பகுதியாக 1996இல் நகராட்சிகளுக்கான அரசு ஆய்வகப் பணியை நிறுத்தியது. சோதனை தனியாரிடம் சென்றது. தீய முடிவுகளை அமைச்சகத்துக்கும் சுகாதார அலுவலருக்கும் ஆய்வகமே நேரடியாகத் தெரிவிக்க வேண்டும் என்னும் சட்டக் கட்டாயம் உருவாக்கப்படவில்லை. எனவே மே 17ஆம் நாளின் அறிக்கைக்கு ஒரே வாசகர் அமைந்தார். அவர் அதை மறைத்தார்.

இவ்விடத்தில் இருவகை விளக்கங்களும் குறையுடையன என்பது புலனாகிறது. குற்றத்தைப் பணியாளர் இருவர்மீது மட்டும் சுமத்தினால், பொய் எவ்வாறு இத்தனை ஆண்டுகள் நிலைத்தது என்பதற்கு விடையில்லை. அரசின் செலவுக் குறைப்பை மட்டும் காரணமாக்கினால், 1996க்கு முன்னரே பொய்ப் பதிவு வழக்கமாக இருந்தது மறைந்துபோகும். எழுதுபவரின் பொய்யும் படிக்க வேண்டியவரின் புறக்கணிப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஐந்தாம் கிணற்றில் எச்சத்தையும் கலங்கல் தன்மையையும் இடைவிடாது அளக்கும் கருவிகள் இருந்திருந்தால் இந்நோய்ப்பரவல் தடுக்கப்பட்டிருக்கும் என்று ஆணையம் கூறியது இங்கு இணைத்து நோக்கத்தக்கது. எவரும் படிக்காத கைப்பதிவின் இடத்தில், தானே எச்சரிக்கும் கருவி வேண்டப்பட்டது.

முடிவுரை

கொதிக்கவைத்துப் பருகும் அறிவுறுத்தல் 2000 திசம்பரில்தான் நீக்கப்பட்டது. 2004இல் பொது மேலாளருக்கு ஓராண்டுச் சிறையும் மேற்பார்வையாளருக்கு ஒன்பது மாத வீட்டுக்காவலும் விதிக்கப்பட்டன. ஒண்டாரியோ 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தையும், நீராதாரங்களைக் காக்கும் பொருட்டு 2006இல் தூயநீர்ச் சட்டத்தையும் இயற்றியது. இயக்குபவர்களுக்குப் பயிற்சியளிக்கும் மையம் ஒன்று வாக்கர்டனிலேயே அமைக்கப்பட்டது.

இவ்வாய்விலிருந்து வரலாற்று மாணவர் பெறத்தக்க கருத்துகள் இரண்டு. ஒன்று, பொய்யாவணமும் சான்றே. அது நீரின் நிலையைக் கூறாவிடினும், எழுதியவர் யாரையும் எதிர்பார்க்காமல் எழுதினார் என்பதைக் கூறுகிறது. மற்றொன்று, வாக்கர்டனின் தாள்கள் பொய் என்று நாம் அறிவது, சாட்சிகளை அழைத்து ஆணையிட்டு உசாவும் அதிகாரம் பெற்ற ஆணையம் ஒன்று அவற்றைப் படித்ததனால்தான். அதற்கு விலையாக எழுவர் உயிர் இழக்க வேண்டியிருந்தது. குறுக்கு விசாரணைக்கு ஒருபோதும் உட்படாத சிறுநகரப் பதிவேடுகள் எங்கும் மிகப்பல. அவற்றில் காணப்படும் சீரான எண்களைத் தூயநீரின் சான்றாகக் கொள்வதற்கு முன், அவ்வெண்களை எவரேனும் எப்போதேனும் ஒப்பிட்டுப் படித்தனரா என்று வினவுதல் ஆய்வாளரின் முதற் கடமையாகும்.