யானைக்குச் சட்டை போட்ட கதை

திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம், நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் தறியோடு நிற்கவில்லை. சேலத்தில், ஏற்காட்டு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவை எழுப்பினார். 1937-இல் முதல் படம் 'சதி அகல்யா'. மறு ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்'. பின்னாளில் அந்த ஸ்டுடியோ வாசலுக்கு வந்தவர் ஒரு வெள்ளைக்காரர்.

எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அந்த அமெரிக்கர், தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி', 'மீரா' என்று வெற்றிப் படங்கள் தந்தவர். 1950-இல் சேலத்தில் 'மந்திரி குமாரி'யை இயக்கிக்கொண்டிருந்தவர் பாதியிலேயே அமெரிக்கா கிளம்பிவிட்டார். மிச்சத்தைச் சுந்தரமே எடுத்து முடித்தார். டங்கனின் தமிழ்நாட்டு அத்தியாயம் அத்தோடு முடிந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் திரும்பி வந்தார், ஹாலிவுட்டையே கூட்டிக்கொண்டு.

அப்படி மாடர்ன் தியேட்டர்ஸோடு கூட்டாக உருவான படத்துக்கு இயக்குநர் வில்லியம் பெர்க். நடிகர்கள் ராட் கேமரான், சீசர் ரொமேரோ. இந்திய இளவரசியாக மேரி வின்ட்சர்! நம்ம எம்.என்.நம்பியாரும் இருந்தார். கதைப்படி, காட்டு யானைகள் மிரண்டு ஓடிவந்து ஊர்களைத் துவம்சம் செய்கின்றன. காரணம் தெரிந்தவன் ஒரே ஒரு வேட்டைக்காரன். அவன் சொல்வதை யாரும் நம்பவில்லை. யானைகளை விரட்டுபவை மாமூத் என்ற ஆதிகால ரோம யானைகளாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோன பிராணிக்குப் படக்குழு எங்கே போகும்?

பழக்கிய யானைகளைப் பிடித்தார்கள். சடைசடையாகத் தொங்கும் ரோமப் போர்வையை அவற்றின் மேல் போர்த்திக் கேமராவுக்கு முன் ஓட்டினார்கள். போர்வைக்குள் இருப்பது நம் ஊர் யானைதான் என்பதை அந்தப் பெரிய காதுகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. கதையில் சாவும் பீதியும். பார்ப்பவர் முகத்திலோ சிரிப்பு. எடுத்தவர்கள் நினைத்தே பார்க்காத இந்தக் கலவைதான் படத்துக்குப் பின்னாளில் வேறொரு வாழ்வைக் கொடுத்தது.

1952-இல் லிப்பர்ட் நிறுவனம் அமெரிக்காவில் பழுப்பு வண்ணப் பிரதிகளாக வெளியிட்ட 'தி ஜங்கிள்' அது, தமிழில் 'காடு'. சின்னச் செலவுப் பழைய ஹாலிவுட் படங்களின் சுவரொட்டிகளையும் விளம்பர அட்டைகளையும் தேடிச் சேர்ப்பவர்களுக்கு அது விநோதமான பொக்கிஷம். சேலத்துக்கு அது அதைவிடப் பெரிய சொத்து. ஒரு ஹாலிவுட் படத்தைக் கூட்டாகத் தயாரிக்கும் துணிச்சல் 1950-களிலேயே இந்த ஊருக்கு இருந்ததற்கு அதுவே சாட்சி.

ஏற்காடு சாலையில் இன்று மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய பெட்டிகளில் 'காடு' படத்தின் பாட்டுப் புத்தகமோ புகைப்படமோ கிடந்தால், அது சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற காப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.